ஆறு மாதம் கழித்து அழைக்கவும்

போன மாதம் அனீஷ் போன் செய்தான். நாகர்கோவிலில் நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஃபர்னிச்சர் கடையில் இப்போது அவன்தான் மேனேஜர். கடைக்குப் புது சாஃப்ட்வேர் வருகிறதாம். பழைய விதிகளை அதில் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் சொல்கிறார்களாம்.

"சார், 'கல்யாணம் முறிந்தது, நூற்றி எண்பது நாள்'னு ஒண்ணு கெடக்கு. இங்க எல்லாரும் அதை ஜான்ரோஸ் சார் ரூல்னுதான் சொல்லுதாவ. அதுக்கு என்ன காரணம் எழுதட்டும்?"

"அதை எடுத்திரு," என்றேன்.

"நல்லா ஓடுத ரூலு சார். ஏன் எடுக்கணும்?"

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன். என்னைப் பற்றி நல்லதாக இதில் அதிகம் இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்தபோது குடோனில் சாமான் எண்ணுகிற வேலை. பிறகு பில் போட்டேன், பிறகு வண்டியோடு போய் கட்டில் பூட்டிக் கொடுத்தேன். அந்த ஆறேழு வருஷத்தில் சொல்ல ஒன்றுமில்லை. என்னை விற்பனைக்கு எடுத்ததே நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால்தான். எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று சொல்வோம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் சொல்வார். தடை சொல்வதற்காக வைத்த ஏற்பாடு அது. நான் அதைக் கட்டில் விற்பதற்கு வைத்துக்கொண்டேன். கல்யாணம் என்றால் கட்டில், மெத்தை, அலமாரி, டிரெஸ்ஸிங் டேபிள் எல்லாம் பெண் வீட்டார் வாங்கி மாப்பிள்ளை வீட்டில் இறக்குவார்கள். எங்கள் கடை பிழைத்ததே அதில்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு சபை. பாட்டுப் புத்தகத்துக்குள் சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும். ஓலை வாசித்து முடித்ததும் என் ஆராதனையும் முடிந்துவிடும். "ஆராதனைக்குப் போறியளா, ஆள் பிடிக்கப் போறியளா?" என்று என் மனைவி கேட்பாள். ரெண்டுக்கும்தான் என்று சிரிப்பேன். அப்போது அது எங்கள் வீட்டில் ஒரு நகைச்சுவை.

மேனேஜராக இருந்தவர் சிவதாணு சார். பூதப்பாண்டிக்காரர், நெற்றியில் திருநீறு, முழுக்கை வெள்ளைச் சட்டை. வாடிக்கையாளரிடம் போனில் பேசும்போதும் எழுந்து நின்றுதான் பேசுவார். "உக்காந்து பேசினா குரல்லயே சோம்பேறித்தனம் தெரியும்டே," என்பார். யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் தப்பு செய்தால் நம்மிடம் சொல்லாமல் அந்த வேலையை அவரே உட்கார்ந்து மறுபடி செய்வார். அதற்குத் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

கம்ப்யூட்டர் எல்லாம் அவருக்குப் பிறகுதான். அவர் காலத்தில் கடைக்கு வந்து விசாரித்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. பெயர், ஊர், என்ன பார்த்தார்கள், வீட்டில் முடிவெடுப்பது யார் என்று அதில் இருக்கும். அவர்கள் வாங்காமல் போனால் அட்டை கழிந்த பெட்டிக்குப் போகும். ஆனால் ஏன் கழிந்தது, திரும்ப எப்போது பேசலாம் என்ற இரண்டையும் எழுதாமல் பெட்டியில் போட அவர் விடமாட்டார். கழிந்த அட்டை எப்போது திரும்ப உயிர்பெறும் என்பதுதான் அவருடைய படிப்பு.

வேறு கடையில் வாங்கிவிட்டார்களா, மூன்று வருஷம் போகட்டும், அதற்குள் பிள்ளை பிறந்து தொட்டிலும் சின்ன அலமாரியும் தேவைப்படும். வீட்டுப் பணி முடியவில்லையா, பால்காய்ப்புத் தேதியை விசாரித்து அதற்குப் பத்து நாள் முன்பு. ஆள் கல்ஃபில் என்றால் லீவுக்கு வந்த மூன்றாம் நாள். முதல் இரண்டு நாள் சொந்தக்காரர்களுக்கு, நான்காம் நாள் கொண்டுவந்த பணம் காலியாகியிருக்கும் என்பார். இனயம் போன்ற கடற்கரை ஊர்கள் என்றால் தடைக்காலம் முடிந்து படகுகள் இரண்டு தடவையாவது கடலுக்குப் போய் வந்த பிறகு. துக்க வீடு என்றால் வருஷம் திரும்பிய பிறகு.

இவை எல்லாம் பென்சிலில் எழுதப்படும், ஏனென்றால் தேதி மாறலாம். மையில் எழுதப்படுவது ஒரே ஒரு காரணம்தான். கல்யாணம் முறிந்த வீடு. அதற்குத் தேதி இருக்கும் இடத்தில் 'அவர்கள் வந்தால் மட்டும்' என்று எழுதுவார். அந்த அட்டைகளுக்குத் தனிப்பெட்டி. அதை நான் திறந்து பார்த்ததுகூட இல்லை, அவர் இருந்தவரை.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு அருளப்பன் சார் கடைக்கு வந்தார். நெய்யூருக்குப் பக்கத்தில் ஓர் ஊர், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் ஷீபா நர்ஸ். அவள் பெயரை ஓலையில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவன் நான்தான். அப்பாவும் மகளுமாக வந்து தேக்குக் கட்டில், மூன்று கதவு அலமாரி என்று எல்லாம் பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்த அன்று சபையில் ஒருவர் எழுந்து, மாப்பிள்ளைக்கு பெங்களூரில் ஏற்கெனவே பதிவுத் திருமணம் ஆகியிருக்கிறது என்று காகிதத்தோடு சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றது. அதைச் சொல்லத்தான் அருளப்பன் சார் வந்திருந்தார். போனில் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் சொன்ன வாக்கை நேரில் வந்துதான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

சிவதாணு சார் அவரை மற்ற வாடிக்கையாளர்கள் கண்ணில் படாத உள்ளறைக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் கொடுத்தார். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சொல்லி முடித்ததும் அட்டையை எடுத்து, அவர் பார்க்கவே, மைப் பேனாவால் எழுதினார். "சாரே, நாங்க இனி உங்களை விளிக்க மாட்டோம். உங்களுக்கா எப்ப தோணுதோ அப்ப வாங்க. வராட்டாலும் ஒண்ணுமில்ல," என்றார். அருளப்பன் சார் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு என்னைப் பார்த்து, "ஜான்ரோசு, இதுக்குத் தேதி கெடையாது கேட்டியா. நம்ம முகத்தைப் பாத்தா அவங்களுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். நாமளா போகப்பிடாது," என்றார்.

"மனசிலாச்சு சார்," என்றேன். உண்மையிலேயே மனசிலாகத்தான் செய்தது. தெரியாமல் செய்தேன் என்று இன்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அவர் போனார், நான் மேனேஜர் ஆனேன். அதே மாதம் கடையில் கம்ப்யூட்டர் வந்தது. அட்டைகளை எல்லாம் அதில் ஏற்றியவள் ரெஜினா. வாடிக்கையாளர்களைப் போனில் அழைக்கும் வேலையில் பல வருஷமாக இருந்தவள், அளந்து பேசுவாள். கம்ப்யூட்டரில் கழிந்த பெயருக்குக் காரணத்தைப் போட்டால் 'மீண்டும் அழைக்கும் நாள்' என்று ஒரு கட்டம் வரும். பக்கத்திலேயே 'அழைக்க வேண்டாம்' என்று இன்னொரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக் போட்டால் அந்தப் பெயர் திரும்பி வராது. பென்சில் அட்டைகளை முடித்துவிட்டு ரெஜினா மை அட்டைப் பெட்டியோடு என் முன்னால் நின்றாள்.

"இதுக்கெல்லாம் டிக் போட்டிரட்டா சார்?"

நான் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள்தான் முதலாளி கூட்டம் போட்டிருந்தார். பெரிய ஷோரூம்கள் வந்துவிட்டன, ஜனங்கள் போனிலேயே கட்டில் வாங்குகிறார்கள், கழிந்த லிஸ்டிலிருந்து நீ எத்தனை பேரை மீட்டாய் என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டிருந்தார். பெட்டியில் இருந்த வீடுகளை நான் வியாபாரியின் கண்ணோடு பார்த்தேன். சாமானைத் தேர்ந்தெடுத்து முடித்தவர்கள். பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அவசரத்தில் இருப்பவர்கள், எப்படியும் அடுத்த வரனை முடிப்பார்கள். கூச்சப்பட்டு வேறு எந்தக் கடைக்காரனும் அங்கே போகமாட்டான். போட்டியே இல்லாத இடம்.

"டிக் வேண்டாம். நூத்தி எண்பது நாள் போடு," என்றேன்.

"சார், இது மையில எழுதினது."

"எழுதின ஆளு வீட்டுக்குப் போயாச்சு ரெஜினா."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். அவள் போய் நூற்றி எண்பது என்று அடித்தாள்.

விதி வேலை செய்தது. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய அட்டைகளுக்கு ஆறு மாதம் எப்போதோ முடிந்திருந்ததால் அவை உடனே வர ஆரம்பித்தன. முதலில் நானே கூப்பிட்டேன்; அதில் சிலர் போனை வைத்துவிட்டார்கள், ஓர் அம்மா அழுதார்கள், சிலர் வாங்கினார்கள். வாங்கியவர்களை மட்டும் நான் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் முதலாளி என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். ஜான்ரோஸ் ரூல் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஷீபாவின் பெயர் நாள் தவறாமல் ஆறாம் மாதம் திரையில் வந்தது. பெரிய ஆர்டர் என்றால் போன் செய்யாமல் நேரில் போவது என் பழக்கம். அட்டையோடு ரெஜினா கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த பழைய எஸ்டிமேட்டை அப்படியே அச்செடுத்தேன். அதே சாமான், அன்றைய விலையிலேயே தருகிறோம் என்று காட்டலாமே. எங்கள் எஸ்டிமேட்டில் மேலே மணமகள் பெயர், மணமகன் பெயர், கல்யாணத் தேதி, சாமான் இறக்க வேண்டிய வீடு என்று நான்கு வரி இருக்கும். அந்த நான்கு வரியோடுதான் அச்சானது. அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். கிழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், பிறகு பஸ் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. அருளப்பன் சார் வீட்டு முற்றத்தில் ஒரு கார் நின்றது. ஆண்கள் சிலர் தோப்புப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். கல்யாணக் களை தெரிந்தது, நல்ல நேரத்தில் வந்தோம் என்று மனம் துள்ளியது. முன்னறையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குச் சித்தியோ அத்தையோ என்று நினைத்துக்கொண்டேன். கடையிலிருந்து வருகிறேன் என்றதும் உட்காரச் சொன்னார். நான் ஃபைலைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"பிள்ளை ஏற்கெனவே பாத்து வெச்ச செட்டுதாம்மா. ஒரு பைசா கூட்டல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து நிதானமாகப் படித்தார். "இந்த பிரவீன் ஆராக்கும்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை," என்றேன்.

"மாப்பிள்ளை என் மகனாக்கும். அவன் பேரு சுனில்."

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். பெயர் மாறி அச்சாகிவிட்டது, வேறு யாருடையதோ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தினமும் எத்தனையோ பொய் சொல்கிறவன்தானே நான். ஆனால் எஸ்டிமேட் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில், "ஓ, அது பழசும்மா. அந்தக் கல்யாணம் ஓலை வாசிச்ச பொறகு நின்னு போச்சுல்லா. பேரை மாத்திக்கிடலாம்," என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. மடியில் இருந்த போனை எடுத்து மஸ்கட்டில் இருந்த மகனை அழைத்தார். காது கொஞ்சம் மந்தம் போல, ஸ்பீக்கரில்தான் போட்டார். அதற்குள் அருளப்பன் சார் உள்ளே வந்துவிட்டார். அடுக்களை வாசலில் டீத் தட்டோடு ஷீபா நின்றாள்.

"மக்கா, ஷீபாவுக்கு முன்ன ஒரு கல்யாணம் ஓலை வரைக்கும் போயி நின்னு போச்சாம். உனக்குத் தெரியுமாடே?"

"இல்லம்மா. எனக்குத் தெரியாது," என்று பதில் வந்தது.

ஷீபா தட்டை மேஜைமேல் வைத்தாள். ஒரு டம்ளரும் சிந்தவில்லை. அந்த அம்மா எழுந்து வெளியே போய்த் தன் ஆட்களைக் கூப்பிட்டார், கார் கிளம்பிப் போனது. எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

நான் ஃபைலைப் பிடித்தபடி நின்றேன். அருளப்பன் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அவனுக்குத் தெரியும். பிள்ளை முதல் நாளே சொல்லிட்டா. அம்மைகிட்ட நான் பைய சொல்லிக்கிடுதேன்னு அவன்தான் சொன்னது," என்றார். என்னிடம் சொன்னாரா, தன்னிடமே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. நான் ஏதோ மன்னிப்பு கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க பழைய சாரு என்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தாரு. இனி விளிக்க மாட்டோம்னு. நான் அதை நம்பியிருந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "டீயைக் குடிச்சிட்டுப் போங்க," என்றார். வந்தவர்களுக்காகப் போட்ட டீ அது. நான் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

சிவதாணு சாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று பல தடவை நினைத்தேன். ஒருமுறை வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்தில் பார்த்தபோது பழக்கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். என் வயதில் ஒருவன் ஒளிந்து நிற்பது பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். சார் வீட்டில் இல்லை. ஷீபா அப்போதுதான் டியூட்டி முடித்து வந்திருந்தாள், கையில் சாப்பாட்டுப் பை. முற்றத்திலேயே நின்று பேசினோம்.

"தப்பெல்லாம் என்மேலதான் மக்கா. மன்னிக்கணும்," என்றேன்.

"சாரே, கல்யாணம் நின்னது உங்களாலன்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்லுத ஆளு, கெட்டின பொறகும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. அது எனக்கு நல்லதுக்குத்தான். ஆனா அது உங்களால வந்த நல்லது இல்ல. அப்பா மூணு வாரமா சர்ச்சுக்குப் போகல."

நல்லதுக்குத்தான் என்ற சொல் காதில் விழுந்ததும் என் நெஞ்சு லேசாகிவிட்டது. மற்றதைக் காது சரியாக வாங்கவில்லை. தயார் செய்து கொண்டுபோயிருந்ததைச் சொன்னேன். "உன் பேரை எங்க கம்ப்யூட்டர்ல இருந்து அடியோட எடுத்தாச்சு. இனி ஒருநாளும் உங்களை யாரும் விளிக்க மாட்டாவ."

அவள் யோசித்தாள். "சரியா ஆறு மாசத்துல வந்தியளே, அது எப்படி? ஆராவது சொன்னாவளா?"

"இல்ல. கல்யாணம் முறிஞ்சதுன்னு போட்டா ஆறு மாசத்துல தானா வரும்."

"எல்லாருக்குமா?"

"ஆமா."

"அப்போ என் பேரை மட்டும்தான் எடுத்தியளா?"

"பாக்கேன் மக்கா," என்றேன். கடைக்கு வந்து ஒன்றும் வாங்காமல் போகிறவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போவது அதுதான். அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. விதியில் நான் கைவைக்கவில்லை. கூட்டம் முடியட்டும் என்று நினைத்தேன், பிறகு அந்த வருஷம் முடியட்டும் என்று. நான் ஓய்வு பெறும்வரை இன்னும் நான்கு வருஷம் அது ஓடியது. நடுவில் ஒருநாள், அழைக்கும் வேலையை ரெஜினாவிடம் விட்ட பிறகு அந்த லிஸ்டில் மட்டும் ஒருவர்கூட வாங்கவில்லையே என்று பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். கல்யாணம் முறிந்த வீடு ஒவ்வொன்றுக்கும் நேராக ரெஜினா 'போன் எடுக்கவில்லை' என்று போட்டிருந்தாள். வரிசையாக, ஒன்றுவிடாமல். அவள் ஒரு வீட்டைக்கூட அழைக்கவே இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீடுகளை மட்டும் அவளுடைய லிஸ்டிலிருந்து பிரித்தெடுத்து, புதிதாகச் சேர்ந்திருந்த வேறொரு பெண்ணிடம் கொடுத்தேன்.